கேட்க வந்தவர்

எனக்கு வாழ்க்கையில் ஒரே ஒருத்தர் மேல்தான் பொறாமை வந்தது. மற்றவர்கள் நகைக்கும் நிறத்துக்கும் பிள்ளைகளின் மார்க்குக்கும் வயிறெரிவார்கள். எனக்கு எரிந்தது, வாயையே திறக்காத ஒரு பெண்ணைப் பார்த்து. 'அவள்' என்று எழுதத்தான் கை போகிறது. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், போதாததற்கு அரசாங்க அதிகாரி. அதனால் 'அவர்' என்றே எழுதுகிறேன். வெளி மரியாதையில் நான் எந்தக் காலத்திலும் குறை வைத்ததில்லை.

பெயரும் வேண்டாம். பெயரைச் சொன்னால் இந்தப் பக்கத்து ஜனங்கள், "அவுகளா, தங்கமான மனுசியாச்சே" என்று ஆரம்பித்துவிடுவார்கள். அதைக் கேட்கிற பொறுமை எனக்கு இல்லை.

என் வேலையைச் சொன்னால்தான் அவர் வேலை புரியும். தூத்துக்குடிக்குத் தெற்கே கடற்கரையை ஒட்டி ஒரு பெரிய ரோடு போடுவதாகத் திட்டம். அதை வரைந்து கொடுக்க ஒரு தனியார் கம்பெனியை அமர்த்தியிருந்தார்கள். அந்தக் கம்பெனியில் நான் இருந்தேன். தாருக்கும் ஜல்லிக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. ரோடு எந்த ஊர் வழியாக வருகிறதோ அந்த ஊரில் ஜனங்களைக் கூட்டி, வரைபடத்தை விரித்துக் காட்டி, விளக்கிச் சொல்லி, "உங்களுக்கு ஏதாவது ஆட்சேபம் உண்டா?" என்று கேட்டு எழுதிக்கொண்டு வருவது என் வேலை. கருத்துக் கேட்புக் கூட்டம் என்று பெயர். நான் உண்மையிலேயே கேட்கிறேனா, இல்லை கேட்டதாகப் பேர் பண்ணுகிறேனா என்று பார்க்க அரசாங்கம் ஒரு அதிகாரியை அனுப்பியது. அவர் சரி என்று சொன்னால்தான் கூட்டம் நடந்ததாகக் கணக்கு. இல்லையென்றால் முதலிலிருந்து நடத்த வேண்டும்.

அந்த அதிகாரிதான் இவர்.

முதல் நாள் எங்கள் ஆபீசுக்கு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். ஜீப் இருந்ததாம், ரிப்பேராம். சொந்த ஊர் ஏரல் பக்கம், ஆற்றங்கரை. நெல்லும் வாழையும் போடுகிற குடும்பம். வெளிறிப்போன காட்டன் சேலை, கையில் குடை, தோளில் துணிப்பை. வணக்கம் சொன்னதைத் தவிர அரை மணி நேரத்துக்கு ஒரு வார்த்தை இல்லை. இவரா நம்மை மேற்பார்வை பார்க்கப் போகிறார் என்று உள்ளுக்குள் சிரித்தேன்.

நான் சிரிக்காமல் யார் சிரிப்பது? நான் நாசரேத்துக்காரி. அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர். "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்று சொல்லிச் சொல்லியே என்னை வளர்த்தவர். ஓய்வு நாள் பள்ளியில் வசனப் போட்டி என்றால் முதல் பரிசு எனக்குத்தான். எத்தனையோ சோப்பு டப்பா வாங்கியிருக்கிறேன். பாடகர் குழுவில் என் குரல் தனியாகத் தெரிகிறது என்று போதகரே கூப்பிட்டுக் குறைக்கச் சொன்னார். மைக் இல்லாமலே கடைசி பெஞ்சுக்குக் கேட்கும். கம்பெனி என்னை எடுத்ததே இந்த வாய்க்காகத்தான்.

எங்கள் முதல் கூட்டத்தில் அவருக்காக மேடையில் எனக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு வைத்திருந்தேன். அவர் நேரே கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தார். முன்னால் வரச் சொல்லி ஆள் அனுப்பினால் வரவில்லை. கூட்டம் முடிந்து, ஏன் மேடம் என்று கேட்டதற்கு, "பின்னாலதாம் மேடம் பேச்சு நடக்கும்" என்றார். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை மேடம் என்பார். கடைசி வரைக்கும் அதைத் தாண்டி நாங்கள் போகவில்லை.

அவருக்கு இருந்தது ஒரே ஒரு பழக்கம். ஒரு கேள்வி கேட்பார். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வார். பதில் வருகிறவரை இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருப்பார். நாமெல்லாம் என்ன செய்வோம்? கேள்வி கேட்டு எதிராளி விழித்தால், பாவம் என்று நாமே இரண்டு பதிலை எடுத்துக் கொடுப்போம். "தண்ணி பிரச்சினையா? தூசியா? சொல்லுங்க, பயப்படாதிங்க" என்போம். அவன் இரண்டில் ஒன்றுக்குத் தலையாட்டிவிட்டுப் போவான். இவர் அந்த உதவியைச் செய்யவே மாட்டார். முகத்தில் அவசரம் இருக்காது. கடிகாரம் பார்க்க மாட்டார். போன் அடித்தால் எடுக்காமல் அணைத்துவிடுவார். எதிரே இருக்கிறவன் தரையைப் பார்ப்பான், வானத்தைப் பார்ப்பான், தலையைச் சொறிவான், அப்புறம் தாங்க முடியாமல் உண்மையைச் சொல்லிவிடுவான்.

இதெல்லாம் ஒரு திறமையா என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டேன். நோகாமல் நுங்கு தின்கிற வேலை என்று ஆபீசில் எல்லோரிடமும் சொன்னேன். நான் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்திக் கூட்டம் நடத்துவேனாம், இவர் பின்னால் சும்மா உட்கார்ந்து பேர் வாங்குவாராம்.

எங்கள் கம்பெனி ஜீப் டிரைவர் இரண்டு வருஷமாக என்னைத்தான் ஊர் ஊராகக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தார். நான் முன் சீட்டில் இருந்து பேசிக்கொண்டே வருவேன், அவர் 'உம்' கொட்டுவார். ஒரு நாள் இந்த அம்மாவைத் திருச்செந்தூரிலிருந்து கூட்டி வரச் சொல்லி அனுப்பினேன். வந்து இறங்கும்போது டிரைவரின் கண் சிவந்திருந்தது. என்ன என்று கேட்டால், மகள் புருஷன் வீட்டிலிருந்து கோபித்துக்கொண்டு வந்து ஆறு மாசமாகிறதாம். அதை அந்தம்மாவிடம் சொல்லிக்கொண்டு வந்தாராம். எனக்குச் சுருக்கென்றது. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க கேக்கலியே மேடம்" என்றார். நான் கேட்காமலா இருந்தேன்? தினமும் காலையில் ஏறினவுடன், "வீட்டுல எல்லாரும் சுகந்தான?" என்று கேட்கிறேன். பதிலுக்கு நிற்பதில்லை, அவ்வளவுதான்.

சரி, டிரைவர் போகட்டும். என் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஒரு சனிக்கிழமை மில்லர்புரத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு வரைபடம் வாங்க வந்தார். உட்காருங்கள், காபி போடுகிறேன் என்று உள்ளே போனேன். ஹாலில் என் வீட்டுக்காரர் இருந்தார். துறைமுகத்தில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். ஒரு நாளைக்கு நாலு வாக்கியம் பேசினால் அதிகம். நான் இரண்டு பேருக்குமாகப் பேசிவிடுவதால் குடும்பம் ஓடுகிறது என்பது என் எண்ணம்.

பால் பொங்கும்போது ஹாலில் என் வீட்டுக்காரர் குரல் கேட்டது. தொடர்ந்து கேட்டது. அடுப்பை அணைத்துவிட்டுக் கதவுப் பக்கம் நின்றேன். அந்தம்மா கேட்டது ஒரே கேள்வி. "தலையத் திருப்பித் திருப்பிக் கேக்கியளே, ஏன் அண்ணாச்சி?" அப்புறம் வழக்கம்போல மௌனம். என் வீட்டுக்காரர் சொல்கிறார்: "எடது காது ஒரு வருசமாக் கேக்கல. வீட்டுல சொல்லல. சொன்னா இன்னுங் கொஞ்சம் சத்தமாப் பேசுவா."

அந்தம்மா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். டாக்டரைப் பார்த்தீர்களா என்று கேட்டார், இவர் துறைமுகத்தில் கப்பல் சங்கு பக்கத்தில் நின்ற காலத்திலிருந்து ஆரம்பித்து முழுக் கதையையும் சொன்னார். முப்பது வருஷம் கூட இருக்கிறவளுக்குத் தெரியாத விஷயம், எங்கேயோ ஆற்றங்கரையிலிருந்து வந்த ஒருத்தருக்கு, என் ஹாலில், என் சோபாவில். காபியில் சீனி போட மறந்துவிட்டேன். அவர் அதையும் ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டுப் போனார்.

பத்திக்கொண்டு வந்தது எனக்கு. திங்கட்கிழமையே வீட்டுக்காரரைக் காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன், அது வேறு. ஆனால் டாக்டர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தபோதும் எனக்கு அவர் காதைப் பற்றிய கவலை பாதி, அந்தம்மாவைப் பற்றிய எரிச்சல் பாதி.

ஒருமுறை நேராகவே கேட்டுவிட்டேன், எப்படி மேடம் எல்லாரும் உங்களிடம் பேசுகிறார்கள் என்று. விளையாட்டாகக் கேட்பது போலத்தான் கேட்டேன். "பேச வைக்கது நம்ம வேலயில்ல மேடம். அவுக பேசுத வரைக்கும் எந்திரிக்காம இருக்கணும், அம்புட்டுதான்" என்றார். பெரிய வேதவாக்கு!

இனி அந்த ஊர். பெரியதாழைக்குப் போகிற வழியில் கடலோரத்தில் ஒரு சின்ன ஊர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வடக்குக் கோடியில் மாதா கோயில், அதையொட்டி ஊர்க் கமிட்டி ஆபீஸ். தெற்குக் கோடியில்தான் வள்ளங்கள் கரையேறும், மீன் ஏலமும் அங்கேதான். கருவாடு காயப் போடுகிற பெண்களின் வீடுகளும் தெற்கே. ரோடு வீடுகளுக்கும் கடலுக்கும் நடுவே வருகிறது. கடல் அரிப்புக்குப் பயந்து ஆள் உயரத்துக்கு மேலே மண் கொட்டி உயர்த்தப் போகிறார்கள். கடற்கரைக்குப் போக ரோட்டுக்கு அடியில் ஒரே ஒரு வழி விட்டிருந்தார்கள், அது வடக்கே, கோயிலுக்கு நேரே. திருவிழாவில் சப்பரம் கடற்கரைக்குப் போக வழி வேண்டும் என்று கமிட்டி கேட்டிருந்தது, கம்பெனி சரி என்றிருந்தது.

அந்த ஊரில் நான் நடத்திய கூட்டத்தைப் போல ஒரு கூட்டத்தை யாரும் நடத்தியிருக்க முடியாது, இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள் என்று விசாரித்து, பூசை முடிந்து ஜனங்கள் அப்படியே வரும்படி நேரம் வைத்தேன். பந்தல், மின்விசிறி, வாட்ஸ்அப்பில் முன்கூட்டியே அறிவிப்பு, எல்லாம் உண்டு. பங்குச்சாமி ஜெபம் சொல்லித் தொடங்கி வைத்தார். கமிட்டித் தலைவர் ரோட்டை வரவேற்றுப் பேசினார். நான் விளக்கிச் சொன்னேன், எனக்கே கேட்கத் திவ்வியமாக இருந்தது. ஆட்சேபம் உண்டா என்று மைக்கில் திரும்பத் திரும்பக் கேட்டேன். ஆணும் பெண்ணுமாக நிறைந்திருந்த கூட்டத்தில் ஒரு சத்தமில்லை. கமிட்டித் தலைவர் கை தட்டினார், முன் வரிசைகள் தட்டின. கூட்டம் சுபமாக முடிந்தது, எல்லாரும் டீ குடித்துவிட்டுப் போங்கள் என்று சொல்லி மைக்கை வைத்தேன்.

பந்தலைப் பிரிக்க ஆரம்பித்தபோது அந்தம்மா டீ டிரம்முக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். மூடியைத் திறந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டார்: "டீ ஏன் மேடம் இம்புட்டு மிஞ்சியிருக்கு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எவ்வளவு பெரிய திட்டம், அரசாங்கம் மேற்பார்வைக்கு அனுப்பின ஆள் டீயை விசாரிக்கிறார். வெயிலாக இருக்கிறது, யார் குடிப்பார்கள் என்றேன். ஒரு டம்ளர் பிடித்துக் குடித்துப் பார்த்தார். நல்லாத்தான இருக்கு என்றார். குடையை எடுத்துக்கொண்டு தெற்குத் தெருவைப் பார்த்து நடந்துவிட்டார். நாங்கள் ஜீப்பில் உட்கார்ந்து காத்திருந்தோம், காத்திருந்தோம், போய்த் தேடினேன்.

கருவாட்டு வியாபாரம் செய்கிற ரொசாலியின் அடுப்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாளைக் குழம்பும் சோறும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ரொசாலிக்கு வயது அறுபதுக்கு மேலே. அந்த ஊரில் என்னை முதலில் வரவேற்ற ஆள் அவள்தான். இரண்டு வருஷமாகப் போய் வருகிறேன், வாங்க மேடம், இருங்க மேடம், அவ்வளவுதான். அன்றைக்கு முதன்முதலாகப் பார்த்த அதிகாரியை, "ஏளா, இன்னுங் கொஞ்சம் போட்டுக்க" என்கிறாள். ஏளாவாம், கூடப்பிறந்த தங்கச்சியைக் கூப்பிடுகிற மாதிரி! புறப்படும்போது ரொசாலி ஒரு பொட்டலம் கருவாடு கொடுத்தாள். "கொண்டு போகச் சட்டம் இல்ல, அதாம் இங்கனயே வயிறு நிறையத் தின்னுட்டன்லா" என்று சொல்லி அந்தம்மா திருப்பிக் கொடுத்தார். ரொசாலி அதற்கும் சிரித்தாள். நான் திருப்பிக் கொடுத்திருந்தால் என்ன மேடம், நாத்தமா என்று கேட்டிருப்பாள்.

ஜீப்பில் ஏறியதும் சொன்னார். அந்த ஊரில் ஊர்க்கூட்டத்தில் எழுந்து எதிர்த்துப் பேசினால் அது கமிட்டியையும் கோயிலையும் அவமதித்தது போலவாம். அதனால் பிடிக்காதவர்கள் பேசமாட்டார்கள். கூட்டத்து டீயைக் குடிக்காமல் போய்விடுவார்கள். குடித்தால் சம்மதம். குடிக்காவிட்டால் இல்லை. தெற்குத் தெருவில் ஒருத்தரும் குடிக்கவில்லை. "இந்தக் கூட்டம் நடந்ததா எடுத்துக்கிட முடியாது மேடம். திரும்ப வைக்கணும்."

எனக்கு எப்படித் தெரியும் இது? எங்கள் சபைக் கூட்டத்தில் எதிர்ப்பு என்றால் நாற்காலி பறக்கும். ஆனால் பறந்து முடிந்ததும் இரண்டு கட்சியும் வரிசையில் நின்று டீயை வாங்கிக் குடித்துவிட்டுத்தான் போகும். டீயில் போய் யாராவது கொள்கையை வைப்பார்களா? ஊமை ஊரைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். கம்பெனியில் மேனேஜர் என்னிடம்தான் கோபப்பட்டார். அந்த வருஷத்தோடு என் ஒப்பந்தம் முடிகிறது. மறுபடி நீட்டிப்பது இந்தக் கூட்டம் தேறுவதைப் பொறுத்தது என்று வெளிப்படையாகவே சொன்னார்.

இரண்டாவது கூட்டத்தை எங்கே, எப்போது வைப்பது என்று நான் தீர்மானிக்கலாம் என்றார் அந்தம்மா. ஒரே ஒரு யோசனை சொன்னார்: கோயில் பக்கம் வேண்டாம், தெற்கே கருவாடு காயப்போடுகிற மணலில் வையுங்கள், ஏலம் முடிந்த பிறகு வையுங்கள். அப்புறம், "கேட்டுட்டுக் கொஞ்சம் பேசாம இருங்க மேடம்" என்றார். எனக்குப் பாடம்!

பெண்கள் மணலில் உட்கார்ந்தார்கள், ஆண்கள் வள்ளங்களில் சாய்ந்து நின்றார்கள். கமிட்டித் தலைவரும் எங்கள் கம்பெனி இஞ்சினியரும் எனக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். அந்தம்மா கூட்டத்துக்குப் பின்னால், கவிழ்த்துப் போட்ட ஒரு கூடை மேல். நான் விளக்கினேன். இந்த ரோட்டில் உங்களுக்கு என்ன குறை, சொல்லுங்கள் என்று கேட்டேன். யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. அந்த மௌனத்தில் நின்றது இருக்கிறதே, உடம்பெல்லாம் எறும்பு ஊர்ந்தது. நாக்கு நுனியில் பத்துப் பதில்கள் வரிசையாக நின்றன. ஒன்றையும் விடாமல் விழுங்கினேன். நான் ஒன்றும் அவருக்குச் சளைத்தவள் இல்லை என்று காட்ட வேண்டியிருந்தது.

கடைசியில் ரொசாலி எழுந்தாள். எனக்கு உள்ளம் குளிர்ந்தது. என் மௌனத்துக்குப் பலித்த முதல் பேச்சு! எழுந்தவள் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். பின்னால் கூடை மேல் இருந்தவரைப் பார்த்துப் பேசினாள்.

"ஏளா, நீ எங்க அடுப்படில இருந்து சோறு தின்னவ, ஒங்கிட்டயே சொல்லுதேன். வள்ளம் வந்து நின்னா நாங்க இங்கன இருந்து ஓடிப் போயி மீன எடுக்கணும். ரோடு வந்துட்டா கோயில் பக்கம் சுத்திப் போயி, மணல்ல திரும்பி நடந்து வரணும். நாங்க வந்து சேருததுக்குள்ள ஏலம் முடிஞ்சிரும். யாவாரி எல்லாத்தையும் ஐஸ்பெட்டில ஏத்திட்டுப் போயிருவான். மீனு இல்லைன்னா இந்தத் தெருவுல ஒரு அடுப்பு எரியாது. ரோட்டு மேல ஏறிக் குறுக்க விழுந்து போனா, லாரிக்காரன் அடிச்சுப் போட்டுட்டுப் போவான். எங்களுக்கு இங்கன ஒரு வழி வேணும். உண்டா இல்லியா, அத மட்டும் சொல்லு."

எல்லாத் தலையும் பின்னால் திரும்பியது. ரோட்டை வரைந்த கம்பெனியின் ஆள் நான். மைக் என் கையில். கூட்டம் என் கூட்டம். ஆனால் எனக்கு எதிரே இருந்ததெல்லாம் முதுகு. இரண்டு வருஷம் வெயிலில் அலைந்தவளுக்கு முதுகு, ஒரு வேளை சோறு தின்றவருக்கு முகம்.

அந்தம்மா வாயைத் திறக்கப் போனார். என்ன சொல்வார் என்று எனக்கு மனப்பாடம். எல்லா ஊரிலும் சொல்வதுதான்: நீங்கள் சொன்னதை அப்படியே எழுதுவேன், தருவது என் கையில் இல்லை. வாக்குக் கொடுக்கவே மாட்டார். அது அவர் கட்டுப்பாடு. அந்த ஒரு இடத்தில்தான் அவரால் முடியாதது என்னால் முடியும் என்று எனக்குப் பட்டது. பட்டதும் மைக்கை வாயருகே கொண்டுபோய்விட்டேன்.

"இங்கனயும் ஒரு வழி வரும். கம்பெனி சார்பா நான் சொல்லுதேன்."

இஞ்சினியர் என் கையைப் பிடித்தார். உதறினேன். மறுபடியும் சொன்னேன். இந்த முறை கடலுக்கே கேட்டிருக்கும். முதுகுகள் எல்லாம் முகங்களாக மாறின. பெண்கள் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தி என் கன்னத்தைத் தடவி நெட்டி முறித்தாள். அந்தச் சந்தோஷத்தைப் பற்றி நான் பொய் சொல்ல மாட்டேன், சர்க்கரைப் பொங்கல் மாதிரி இருந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அந்தம்மா முன்னால் வந்தார். முதன்முதலாக முன்னால் வருகிறார். முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. பேனாவைத் திறந்துகொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி என்னிடம் கேட்டார்.

"நீங்க சொன்னத அப்படியே எழுதிக்கிடலாமா மேடம்?"

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

தெற்குத் தெரு முழுக்க என் வாயைப் பார்க்கிறது. ரொசாலி பார்க்கிறாள். எனக்கு அதிகாரம் இல்லை, அவசரத்தில் சொல்லிவிட்டேன், எழுதாதீர்கள் என்று எந்த வாயால் சொல்வது? இஞ்சினியர் என் காதில் வேண்டாம் வேண்டாம் என்கிறார். அந்தம்மா இடித்த புளியாக நிற்கிறார்.

"எழுதிக்கோங்க" என்றேன்.

எழுதினார். ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு வார்த்தை குறைக்கவில்லை. அன்றைக்கு டீ டிரம் காலியானது. அரசாங்கத்திலிருந்து கம்பெனிக்குப் பதில் வந்தது: பொதுக்கூட்டத்தில் உங்கள் ஆள் வாக்குக் கொடுத்திருக்கிறார், பதிவாகியிருக்கிறது, செய்துதான் ஆக வேண்டும். இரண்டாவது வழியை வரைபடத்தில் சேர்த்தார்கள். என் ஒப்பந்தத்தை நீட்டவில்லை. மேனேஜர் சால்வை போட்டு, கேக் வெட்டி, நல்ல மாதிரியாகத்தான் அனுப்பினார். வீட்டுக்கு வந்து சால்வையை பீரோவுக்குள் தூக்கி எறிந்தேன்.

பல நாள் யோசித்திருக்கிறேன். அவர் வேண்டுமென்றே என்னை மாட்டிவிட்டாரா, இல்லை அது அவருடைய வழக்கமான கேள்விதானா? என் வேலை போகும் என்று அவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது. அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டிருந்தால் தெற்குத் தெருவுக்கு வழி வந்திருக்காது என்பதும் அவருக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டார் என்று ஒரு நாள் தோன்றும். சேச்சே, அந்த அளவுக்குச் சூது அவருக்கு ஏது என்று மறுநாள் தோன்றும்.

தாங்காமல் ஒரு நாள் போன் போட்டேன். அதற்குள் அவரை வேறு மாவட்டத்துக்கு மாற்றியிருந்தார்கள். மேடம், உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும் என்றேன். கேளுங்க மேடம் என்றார். சொல்லுவதற்கு எனக்கு ஒரு நொடி தயக்கம் வந்தது. அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும். அவ்வளவுதான், நான் ஆரம்பித்துவிட்டேன். வேலை போனது, வீட்டில் சும்மா இருப்பது, வீட்டுக்காரருக்குக் காதில் மெஷின் மாட்டியது, மெஷின் மாட்டின பிறகு அவர் என்னைப் பார்த்துக் கொஞ்சம் மெதுவாகப் பேசு என்று சொன்னது, அப்பா இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பது, எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்து, அழுது, மூக்கைத் துடைத்து, சரி மேடம் வைக்கட்டுமா என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் கேட்க நினைத்ததைக் கேட்கவே இல்லை என்று உறைத்தது. அன்றைக்கு எனக்கு நெஞ்சு லேசாக இருந்தது. அதற்காகவும் அவர் மேல் ஆத்திரம் வந்தது.

ரோடு வந்துவிட்டது. போன மாதம் மணப்பாட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, அந்த ஊரில் மீன் வாங்கலாம் என்று வண்டியை நிறுத்தினேன். தெற்கே ரோட்டுக்கு அடியில் அந்த வழி இருக்கிறது. ஆட்டோ தாராளமாகப் போகிற அகலம். பெண்கள் கூடையோடு தலை நிமிர்ந்து போகிறார்கள், வருகிறார்கள். உள்ளே நிழலில் இரண்டு மூன்று பேர் மீன் விற்கிறார்கள். அதில் ரொசாலியும் ஒருத்தி. என்னைக் கண்டதும் எழுந்துவிட்டாள். வாங்க மேடம், இருங்க மேடம்.

வழி நல்லா இருக்கா என்று கேட்டேன். எனக்கு அதைக் கேட்காமல் முடியாது. "ஆபீசரம்மா பாலத்துக்கு என்ன மேடம், சொகந்தான்" என்றாள். ஊரே அப்படித்தான் சொல்கிறதாம். ஷேர் ஆட்டோக்காரன்கூட ஆபீசரம்மா பாலம் எறங்கு என்றுதான் கூவுகிறானாம். நான் ஒரு நாளும் ஆபீசர் இல்லை. ஊரில் என்னை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை. எந்த அம்மா என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

எனக்கு மண்டைக்குள் சுர்ரென்று ஏறியது. கல்யாண வீட்டுச் சேலையோடு அந்த மீன் தண்ணீரில் நின்றுகொண்டு சொல்லிவிட்டேன். "அந்தம்மா என்ன செஞ்சா ரொசாலி? அவ வாய் தெறந்து ஒரு வார்த்த சொன்னாளா? வழி வரும்னு சொன்னது நானு. வேல போனதும் எனக்கு."

ரொசாலி பதறவில்லை. மீனின் செதிளைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள்.

"நீங்க சொன்னது எங்க எல்லாருக்கும் நெனவு இருக்கு மேடம். அவ அங்கன இருக்கப்போயித்தான சொன்னிய?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆமாம் என்று சொல்ல இன்றுவரை எனக்கு மனசு வரவில்லை. கத்தியை நிறுத்திவிட்டு ரொசாலி பதிலுக்காக என் முகத்தைப் பார்த்தாள்.

மீனை நறுக்கிக் கொடு, நேரமாகிறது என்றேன்.